எந்த வயலின் ஓடு

அந்தக் கோபுரத்துக்கான கோப்பில் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பது, முன்னைய கடிதம் கிடைத்ததா என்று கேட்டு நானே எழுதியவை. நான்கு, கிடைக்கவில்லை, மீண்டும் அனுப்புக என்று வந்த பதில்கள். இரண்டு, கிடைத்தது என்று வந்தவை; ஆனால் அவை வேறொரு கோபுரத்தைப் பற்றியவை. எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். எண்ணினால் ஆத்திரம் குறையும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். குறையவில்லை. எத்தனை என்று தெரிந்த ஆத்திரமாக மாறியது, அவ்வளவுதான்.

தொலைத்தொடர்புக் கோபுரங்களைக் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தக் கம்பனி ஒன்றில் அனுமதிகளைப் பெற்றுக்கொடுப்பது என் வேலை. இரும்பை நான் தொடுவதில்லை. பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், சுற்றாடல், மின்சாரம், அதன்பின் தொல்லியல் என்று ஒவ்வொரு வாசலிலும் காத்திருந்து ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு வருவேன். ஆரையம்பதியில் வீடு. காலையில் ஸ்கூட்டியில் மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் படுவான்கரை. அங்கிருந்து இன்னும் நாற்பது நிமிடம் போனால் இந்தக் கிராமம். பாலத்தின் மேற்கு முனையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் கைத்தொலைபேசி செத்துவிடும்.

கோபுரம் வேண்டும் என்று முதலில் மனு எழுதியவர் அந்தப் பகுதியின் குடும்பநல மாது. நாற்பது வயதிருக்கும். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசிக்குப் பிடித்து வருவது எல்லாம் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் 'மிஸ்'. அவருடைய கிளினிக் முற்றத்தில் ஒரு நீளக் கமுகந்தடி நட்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் ஒரு பழைய போன். அந்தப் போன் மேலே பிடிக்கும் இழையளவு இணைப்பைக் கீழே இருக்கும் இன்னொரு போனுக்குக் கொடுக்கும். காற்று தெற்கிலிருந்து அடித்தால் அதுவும் இல்லை. அவசரத்துக்கு அம்புலன்ஸைக் கூப்பிட ஒருவரை மோட்டார் சைக்கிளில், இணைப்புக் கிடைக்கும் குளக்கட்டுக்கு அனுப்பவேண்டும். முந்திய மாரியில் அப்படி அனுப்பியவர் வெள்ளத்தில் பாதையை விட்டு விலகிப்போக, ஒரு பிள்ளை உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் பிறந்தது. தாய் பிழைத்ததைத் தன் கெட்டித்தனம் என்று மிஸ் ஒருபோதும் சொன்னதில்லை. மழை அரை மணித்தியாலம் விட்டுத்தந்தது என்றுதான் சொல்வார்.

ஆகவே அடுத்த மாரிக்கு முன் கோபுரம் எழும்பவேண்டும். கார்த்திகை பிறந்தால் கொங்கிரீட் லொறி அந்தப் பாதையில் போகாது. இதை நான் எல்லாக் கடிதங்களிலும் இரண்டாம் பந்தியில் எழுதினேன். இரண்டாம் பந்தியை யாரும் வாசிப்பதில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

இடத்தைத் தெரிவுசெய்வதில் பிரச்சினை இருக்கவில்லை. ஊரைச் சுற்றி எல்லாம் வயல். வெள்ளம் ஏறாத நிலம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: நெல்லடிக்கும் களவெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு மருத மரங்களோடு ஆளுயரத்துக்குக் கிடந்த மேடு. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் சொந்தம். அவர்கள் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, நல்ல மனதோடு தந்துவிட்டார்கள். பொறியியலாளர் வந்து நான்கு முளை அடித்துவிட்டுப் போனார். அடித்தளம் தோண்டமுன் தொல்லியல் மதிப்பீடு நடக்கவேண்டும் என்பது விதி. அந்த விதியில் எனக்குக் குறையில்லை. எதையும் பார்க்காமல் தோண்டுவது எனக்கே பிடிக்காது. ஆனால் பார்க்க வரும்படி கேட்ட விண்ணப்பம், ஆள்கூறுகளைப் பாகை, கலை, விகலையில் எழுதாமல் தசமத்தில் எழுதியதற்காகத் திரும்பி வந்தது. மாற்றி அனுப்பினேன். இம்முறை தசமத்தில் வேண்டும் என்று திரும்பி வந்தது. இரண்டிலும் எழுதி அனுப்பினேன். எது சரியானது என்று விளக்கம் கேட்டார்கள்.

ஆவணியில், சிறுபோகம் வெட்டி முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, மதிப்பீட்டு உத்தியோகத்தர் வந்து இறங்கினார். எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். தொப்பி, முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை சப்பாத்து. தாய்மொழி சிங்களம், தமிழைப் பல்கலைக்கழகத்தில் படித்ததாகச் சொன்னார். புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசினார். கூட இரண்டு உதவியாளர்கள், அளவு நாடா, சல்லடை, மண்வெட்டி. அளவுத்தடியை மட்டும் மறந்துவிட்டு வந்திருந்தார்கள். களவெட்டியில் கிடந்த ஒரு கம்பில் நான் பத்துச் சென்றிமீற்றருக்கு ஒன்றாகக் கோடு கீறிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் நாடாவால் ஒருமுறை சரிபார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அப்படித்தான் சரிபார்த்திருப்பேன்.

மேட்டில் ஏறிய பத்து நிமிடத்தில் அவர் குனிந்துவிட்டார். மறுபடி நிமிர்வதற்கு நீண்ட நேரமாயிற்று. மேடு முழுக்க ஓடு. பானை ஓடு, கூரை ஓடு, உடைந்த செங்கல். சிவப்பு, கறுப்பு, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சில. நாங்கள் எல்லோரும் இவ்வளவு காலமும் அதை மிதித்துக்கொண்டு நின்றுதான் கோபுரத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறோம். பொறியியலாளரின் முளைகளில் ஒன்று ஒரு பானையின் கழுத்துக்குள் இறங்கியிருந்தது.

"அக்கா," என்று அவர் என்னைக் கூப்பிட்டார். "இங்கே நிறையப் பொருட்கள் இருக்கின்றன. ஆனால் இவை இங்கே இருந்தவையா?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஓர் இடத்தில் மனிதர் வாழ்ந்து விட்டுப்போன ஓடு ஒரு விதமாகக் கிடக்கும். வேறிடத்திலிருந்து அள்ளிக் கொட்டிய ஓடு வேறு விதமாகக் கிடக்கும். இது கொட்டியது போல இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். கொட்டியதென்றால் மேட்டுக்கு அடியில் ஒன்றும் இராது, கோபுரம் கட்டலாம். ஆனால் எங்கிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள் என்பதை யாராவது சொல்லவேண்டும்.

அதற்குள் கமக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரம்புகளில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் வட்டை விதானை. வட்டை என்பது ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல் பரப்பு. எந்த நாளில் விதைப்பது, யாருக்கு எப்போது தண்ணீர் என்று அதற்குப் பொறுப்பாக இருப்பவரை வட்டை விதானை என்பார்கள். அவருக்கு அறுபது வயதிருக்கும். உத்தியோகத்தர் அவரிடம், உழும்போது வயலுக்குள் ஓடு, செங்கல் ஏதும் வருமா என்று கேட்டார்.

"எங்கட வட்டைக்குள்ள அப்படி ஒண்டும் இல்ல," என்றார் விதானையார். "எல்லாம் வெறும் களி."

அடுத்தவரைக் கேட்டார். அவருக்கும் களி. அதற்கடுத்தவருக்கும் களி. ஒருவர் மட்டும், தனது வயலில் கொஞ்சம் மணலும் இருக்கிறது என்றார். பக்கத்தில் நின்றவர் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மணலும் களியாகிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்தில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டால் மனிதருக்கு முதலில் வருவது பயம். காணி போய்விடும் என்ற பயம். அது சும்மா வந்த பயம் என்று நான் எழுதமாட்டேன். அந்த வயல்கள் பெரும்பாலும் சொந்தப் பத்திரமுள்ள உறுதிக் காணிகள் அல்ல. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிகள். போர்க்காலத்தில் இரண்டு தடவை விட்டுவிட்டு ஓடி, இரண்டு தடவை திரும்பி வந்து, வளர்ந்த காட்டை வெட்டி மீட்டவை. இதற்காகவே ஆடி மாதத்தில் நான் ஒரு கூட்டம் வைத்து, இது கோபுரம் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்கும் வேலை என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். முடிவில் ஒருவர், அப்படியானால் வயலை எப்போது அளப்பார்கள் என்று கேட்டார்.

நடுப்பகலில் சோதனைக் குழி போட்டார்கள். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். பத்துச் சென்றிமீற்றர் தோண்டி, நிறுத்தி, சலித்து, படமெடுத்து, எழுதி, மறுபடி பத்துச் சென்றிமீற்றர். என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் மண்ணைத் தோண்டி நான் பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் இரசித்திருப்பேன். அரை மீற்றர் வரை ஓடும் செங்கலும். அவற்றோடு யூரியா உரப்பையின் நீல நூல், ஒரு பற்றரி, ஒரு தகர மூடி. அதற்குக் கீழே சுத்தமான மஞ்சள் மண். ஒரு துண்டு ஓடுகூட இல்லை. அவருடைய சந்தேகம் சரி.

"அப்படியென்றால் கட்டலாம்தானே?" என்று கேட்டேன்.

"எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் அதை எழுத முடியாது, அக்கா. ஒரு குழியில் இல்லை என்றால் மற்ற இடத்திலும் இல்லை என்று சொல்ல முடியாது. மூலம் தெரியாத தொல்பொருட்கள் உள்ளன என்று எழுதினால் அனுமதி கிடைக்காது. இன்னும் பெரிய அகழ்வு கேட்பார்கள்."

பெரிய அகழ்வு என்றால் எப்போது என்று கேட்டேன். அடுத்த வருடம் மழை முடிந்த பிறகு என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. வைகாசியில், முதல் தடவை இடம் பார்க்கப் போனபோது, ஒரு பெண் தலையில் உரப்பையோடு வந்து இந்த மேட்டில் எதையோ கொட்டிவிட்டு, கையை ஒருமுறை நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டுப் போனார். அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியும் இருக்கிறேன்: ஒன்பது நாற்பது, ஒரு பெண், ஒரு பை, கல்லுப் போன்ற சத்தம். எந்த வயலிலிருந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. நேரத்தை எழுதியவள் இடத்தை எழுதவில்லை. உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. எந்த வயல் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் எழுதத் தொடங்கிய பேனாவை மூடினார். இருபத்து நான்கு வருடம் நாட்குறிப்பு எழுதியதில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக நின்ற ஒரு வயதான அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். வயலில் கலப்பைக்கு மாட்டுவதை வாய்க்காலில் போடக்கூடாது, மற்றவன் வயலுக்குள் எறியக்கூடாது, வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது. வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரனுக்கு ஆகாது. ஆகவே முதல் உழவில் எடுத்ததை மேட்டில் கொண்டுபோய்ப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வருவது வழமை. அவருடைய பூட்டனும் அப்படித்தான் போட்டார். இதை ஒரு கடுதாசியில் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் உடனே, தனக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது என்றார்.

ஆக விடயம் இதுதான். வயலில் ஓடு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மேட்டில் கோபுரம் எழும்பும். வயலில் ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னால் வயல் பத்திரம், கோபுரம் இல்லை. கோபுரமும் வேண்டும், வயலும் களியாக இருக்கவேண்டும் என்று பன்னிரண்டு பேர் வரம்பில் நின்றார்கள். தங்கள் வயலைக் காப்பதாக நினைத்துச் சொன்ன சொல்லால் தங்கள் பெண்களின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கோப்பில் தாள்களை ஒழுங்குபடுத்தினேன். அவை ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

மூன்று மணிபோல மிஸ் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளைக் களவெட்டியில் விட்டு, தலைக்கவசத்தோடே மேட்டில் ஏறினார். குழியைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மருத மரத்தடியில் வைத்துவிட்டு விதானையாரிடம் போனார். சத்தம் போடவில்லை. கிளினிக்கில் பிள்ளையின் நிறையைக் கேட்பது போலவே கேட்டார்.

"விதானையார், உங்கட வயலுக்க ஓடு இல்லையாமே?"

"இல்ல மிஸ். களி."

"போன பெரும்போகத்துக்க வலது காலக் கிழிச்சிக்கொண்டு என்னட்ட வந்தீங்க. நாலு நாள் மருந்து கட்டினன். காலுக்க இருந்து நான் எடுத்தது என்ன?"

விதானையார் சற்று யோசித்தார். "கண்ணாடித் துண்டு."

"சிவப்புக் கண்ணாடியா? அது எந்தக் கடையில விக்கிறாங்க?"

வரம்பில் யாரோ சிரித்துவிட்டார். மிஸ் அந்தப் பக்கம் திரும்பினார்.

"சிரிக்கிற ஆக்கள்ற காலையும் காட்டச் சொல்லட்டா? இந்த வட்டைக்குள்ள ஓடு வெட்டாத கால் எத்தின எண்டு எனக்குத் தெரியும். எல்லாம் என்ர கொப்பியில இருக்கு."

ஒருவர் தன் காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். உத்தியோகத்தர் குழிக்குள்ளிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், எதையும் எழுதவில்லை. மிஸ் குரலை இன்னும் தணித்து, விதானையாருக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"உங்கட மகளுக்கு மார்கழியில நாள். முதல் பிள்ளை. பிரசர் கூட. வெள்ளத்துக்க நான் ஆர குளக்கட்டுக்கு அனுப்புற? நீங்க போறீங்களா?"

விதானையார் வாய்க்கால் பக்கம் திரும்பினார். அவருடைய மருமகனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. மகள் தகப்பனோடுதான் இருக்கிறாள். பிறகு அவர் மேட்டில் ஏறி, குழியின் விளிம்பில் குந்தி, உத்தியோகத்தரை முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டார்.

"ஓம் எண்டு நான் சொன்னா வயலப் புடிப்பீங்களா, புள்ள?"

இல்லை என்று அவர் சொல்லிவிடவேண்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒரு சொல். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"நான் பொய் சொல்ல மாட்டேன், ஐயா," என்றார் அவர். "பிடிக்க மாட்டார்கள் என்று எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை. இந்த வயலில் நீண்ட காலமாகப் பயிர் செய்கிறார்கள், தொடர்ந்து செய்யலாம், இது என் பரிந்துரை என்று எழுதுவேன். அதை வாசிப்பவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது."

"வாசிக்கிறவர் ஆர்?"

"அதுவும் எனக்குத் தெரியாது."

விதானையார் எழும்பி, வேட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு, "நாளைக்கு வெள்ளண வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் அவருக்குப் பின்னால் போனார்கள். அந்த உத்தியோகத்தரின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பொய் சொல்லாதவர்களோடு வேலை செய்வது எவ்வளவு கடினம் என்று, என் வீட்டார் என்னைப் பற்றிச் சொல்லும் அதே வார்த்தைகளில் நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாலத்தில் ஏறியதும் என் போன் உயிர்பெற்று விடாமல் அதிர்ந்தது. கம்பனிப் பொறியியலாளரிடமிருந்து பதினேழு செய்திகள். முதலாவது, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டது. பதினேழாவது, ஏன் உடனுக்குடன் பதில் சொல்வதில்லை என்று கேட்டது. கோபுரம் இல்லாத இடத்தில் கோபுரம் கட்டத்தான் போயிருக்கிறேன் என்று எழுதி, பிறகு அழித்துவிட்டு, 'நாளை அறியத்தருவேன்' என்று அனுப்பினேன்.

மறுநாள் ஏழு ஐம்பதுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விதானையார் எனக்கு முன்னரே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய அனுமதிப்பத்திரம், பளபளவென்று லமினேட் செய்தது. அதற்குள்ளேயே ஒரு மூலை கறையான் தின்றது. கறையான் தின்ற பிறகுதான் லமினேட் செய்திருக்கிறார். மற்றக் கமக்காரர்களும் வரம்பில் நின்றார்கள். முந்தின நாளைவிடக் கொஞ்சம் தள்ளி.

உத்தியோகத்தர் மேசை மாதிரி ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் படிவத்தை விரித்தார். விதானையார் நின்றபடியே சொன்னார்.

"என்ர வயலில இருந்து வந்ததெண்டு எழுதுங்க. நான் கொண்டுவந்து போட்டன். என்ர அப்பனும் போட்டவர். வேற ஆக்கள்ற பேர் வேணாம்."

"இவ்வளவும் ஒரு வயலிலிருந்தா, ஐயா?"

"என்ர வயலில இருந்து."

அவருடைய வயல் இரண்டு ஏக்கர். அந்த மேட்டில் கிடந்தது இரண்டு ஏக்கரில் வருகிற ஓடு அல்ல என்பது அங்கே நின்ற மாட்டுக்கும் தெரியும். உத்தியோகத்தருக்கு நன்றாகவே தெரியும். முந்தின நாள் அவர் ஓடுகளை, ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துத்தான் பைகளில் பிரித்துப் போட்டிருந்தார்: கரும் களி ஒட்டியவை ஒரு பை, மணல் ஒட்டியவை ஒரு பை, சாம்பல் நிற மண் ஒட்டியவை இன்னொரு பை. மூன்று பைகளும் அவர் காலடியிலேயே இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு வரம்பில் நின்றவர்களைப் பார்த்தார். அங்கே ஒருவராவது தலையை நிமிர்த்தி, என்னுடையதிலும் இருக்கிறது என்று சொல்வார் என்று நானும் பார்த்தேன். பதினொரு பேரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விதானையார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒருவர் சொன்னால் ஒருவருடைய வயல், எல்லோரும் சொன்னால் முழு வட்டை என்று அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். நான் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் கோடு கீறிக் கொடுத்த கம்பைக்கூட நாடாவால் சரிபார்த்த அந்தப் பெண், படிவத்தில் ஒரே ஒரு வயலின் இலக்கத்தை எழுதினார். எழுதி முடித்து, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். பார்க்காத எதிலும் நான் கையெழுத்து வைப்பதில்லை. பாதி உண்மையில் இன்னும் வைப்பதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அன்றைய குறிப்பில் அந்த இடத்தில் நேரம் எழுதப்படவில்லை.

"வையுங்க தங்கச்சி," என்றார் விதானையார். "வெயில் ஏறுது."

வைத்தேன்.

அதன்பின் எல்லாம் வழக்கம்போலத்தான். அறிக்கை போயிற்று, தொலைந்தது, என்னிடமிருந்த பிரதியிலிருந்து மீண்டும் போயிற்று. ஐப்பசி இரண்டாம் கிழமை அனுமதி வந்தது. மேட்டு ஓடுகளை ஒரு மூலைக்கு அப்புறப்படுத்தி மூடிவைத்து, மஞ்சள் மண்ணில் மட்டும் தோண்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. கடைசிக் கொங்கிரீட் லொறி திரும்பி வரும்போது பின்சில்லு பாதைக்குள் இறங்கி, இரண்டு உழவு இயந்திரங்கள் இழுத்து எடுத்தன. மறுநாள் பாதை தண்ணீருக்குள். இரும்புகளை வள்ளத்திலும் உழவு இயந்திரத்திலுமாகத் துண்டு துண்டாகக் கொண்டுபோனார்கள். அதற்கான மேலதிக அனுமதிக்கு நான் எழுதிய கடிதங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மார்கழியில், வெள்ளம் வாய்க்காலைத் தாண்டி நின்ற ஒரு காலைப்பொழுதில், விதானையாரின் மகளுக்குத் திடீரென்று பிரசர் ஏறியது. மிஸ் அவளுடைய கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டே அம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டி வரக்கூடிய இடம் வரை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுபோய் ஏற்றினார்கள். பெண் பிள்ளை. மட்டக்களப்பில், ஆஸ்பத்திரியில் பிறந்தது. மிஸ் எனக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, குரல் வெட்டாமல் விழாமல் முழுதாகக் கேட்டது. இரண்டு கிலோ அறுநூறு என்றார். எழுதிக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, வேறொரு இடத்திலிருந்து இரண்டு பேர் வந்து விதானையாரின் வயலை வரம்பில் நின்று படமெடுத்துவிட்டு, நாடாவால் ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன், யார் அனுப்பியது, அடுத்தது என்ன என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. அந்த உத்தியோகத்தரும் வேறு மாகாணத்துக்கு மாற்றலாகிவிட்டார். தன் பரிந்துரையின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். சொன்னது சொன்னபடியே எழுதியிருந்தார். அந்தப் பந்தி நன்றாக இருக்கிறது. அதை வாசித்தவர் யார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

வரம்பில் நின்ற மற்றப் பதினொரு பேரும் இந்தப் போகம் நிம்மதியாக விதைத்தார்கள். விதானையாரும் விதைத்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு, நான் அலுவலகத்தில் கதிரையில் உட்காரமுன், அவருடைய அழைப்பு வரும். முதலில் பேத்தியின் நிறையைச் சொல்வார். பிறகு சற்று நிறுத்துவார். பின்னால் உழவு இயந்திரச் சத்தம் கேட்கும். வயலில்தான் நிற்கிறார் என்று தெரியும்.

"என்ர வயலப் பத்தி ஏதும் கடிதம் வந்ததா, தங்கச்சி?"

இன்றைக்கும் கேட்டார். இல்லை அண்ணன், இன்னும் ஒன்றும் வரவில்லை என்றேன். வராதது நல்லதா கெட்டதா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"வந்தா உடன எடுத்துச் சொல்லுங்க," என்றார். "இப்ப வயலுக்க எங்க நிண்டாலும் கேக்குது."